லில் வெய்ன் கிட்டாரைத் தூக்கியபோது

லில் வெய்னின் 'ரீபர்த்' பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். பிப்ரவரி 2010-ல் வந்த ஆல்பம். ராப்பின் உச்சத்தில் இருந்தவர் ராக் பக்கமும், அதன் வேகமான, துள்ளலான வகையான பாப்-பங்க் பக்கமும் போய் விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அதில்தான். நேற்று இரவு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மறுபடி கேட்டேன். நான் அவருடைய தீவிர ரசிகன். இருந்தாலும் சொல்கிறேன், ஆல்பம் நன்றாக இல்லை. ஆனால் அதற்குப் பலர் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

"ராப்பருக்கு எதற்கு ராக்?" என்கிறார்கள். ராக் அண்ட் ரோலை உருவாக்கி வளர்த்தவர்களே சிஸ்டர் ரொசெட்டா தார்ப், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பினக் கலைஞர்கள்தானே. வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பினக் குழுவை விட்டுவிட்டு, ராக்கின் ஆவேசமான வகையான ஹார்ட்கோர் பங்க்கின் வரலாற்றைப் பேசவே முடியாது. பீஸ்டி பாய்ஸ் நியூயார்க்கில் பங்க் குழுவாக ஆரம்பித்து ராப்புக்கு வந்தவர்கள். 1986-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம்தான் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம். அங்கிருந்து இங்கே வரலாம், இங்கிருந்து அங்கே போகக்கூடாது என்றால் அது என்ன நியாயம்?

சரி, அப்படியானால் எங்கே தவறியது? 2008-ல் வந்த 'த கார்ட்டர் 3'-ஐக் கேட்டவர்களுக்குத் தெரியும், வெய்னின் பலம் சொல். முதல் வாரமே அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய ஆல்பம் அது. அதில் 'எ மிலி' என்ற பாட்டில் பல்லவிகூடக் கிடையாது. ஒரே குரல் துணுக்கு திரும்பத் திரும்ப ஓட, அதன் மேல் மனிதர் பேசிக்கொண்டே போவார். ஒரு உவமையை நாம் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கல்லூரி விடுதியில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, புரியாத வரியை நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறோம். 'ரீபர்த்'தில் பெரும்பாலும் அந்த வேகமும் சொல்விளையாட்டும் இல்லை. சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோடியூனில் ஊறிய குரல் கிட்டார் இரைச்சலுக்குள் போய் மாட்டிக்கொள்கிறது.

ஆனால் எனக்கு உண்மையில் வலிப்பது அதுவல்ல. 2009 தொடக்கத்தில் இந்த ஆல்பத்துக்காக முதலில் வந்த பாட்டு 'பிராம் குயின்'. பள்ளியில் தன்னை மதிக்காத அழகியைப் பற்றிய பாட்டு. வெய்ன் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டவர். நியூ ஆர்லியன்ஸின் ஹாலிகுரோவில் வளர்ந்து, சிறுவனாக இருக்கும்போதே கேஷ் மணி இசை நிறுவனத்தில் சேர்ந்து ரெக்கார்டிங் அறையிலேயே பதின்வயதைக் கழித்தவர். பாப்-பங்க் பதின்வயதுக் காயத்தைப் பாடும் இசை. அங்கே போய் நின்றபோது அவர் எடுத்தது, புறநகர் வெள்ளைக்காரப் பையன்கள் ஏற்கெனவே ஆயிரம் தடவை பாடிவிட்ட கதையை.

அவருக்குச் சொந்தக் காயம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வயதில் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டு உயிர் பிழைத்தவர் அவர். அது விபத்து என்றே பல வருடம் சொல்லிவந்தார். 2018-ல் 'த கார்ட்டர் 5'-இன் கடைசிப் பாட்டில்தான், அது விபத்தல்ல, சாக நினைத்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதை முதன்முறை கேட்ட அன்று நான் வேறு எந்தப் பாட்டையும் போடவில்லை. கிட்டாரைக் கையில் எடுத்த அந்த வருடங்களில் அதைச் சொல்ல அவருக்கு முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வலியைச் சொல்ல யாருக்கும் காலம் வேண்டும்.

ராப்பிலிருந்து இதே பக்கம் வந்த இன்னொருவர் மெஷின் கன் கெல்லியைப் பாருங்கள். 2020-ல் பாப்-பங்க் குழுவான பிளிங்க்-182-இன் டிரம்மர் டிராவிஸ் பார்க்கரைத் தயாரிப்பாளராக வைத்து 'டிக்கெட்ஸ் டு மை டவுன்ஃபால்' என்ற பாப்-பங்க் ஆல்பத்தைச் செய்தார். பில்போர்டில் முதலிடம். பார்க்கரின் டிரம்ஸ் பெரிய பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆல்பம் என் மனதில் நிற்பது, அந்த வருடம் இறந்துபோன தன் அப்பாவை நினைத்து அவர் பாடிய 'லோன்லி'யால். 2022-ல் வந்த 'மெயின்ஸ்ட்ரீம் செல்லவுட்'டும் முதலிடம் பிடித்தது, அதே பார்க்கர், அதே மெட்டுச் சாயல். ஆனால் விமர்சகர்கள் பலர் அதைக் கடுமையாகச் சாடினார்கள். தன்னைப் போலி என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே பாதி ஆல்பம் போய்விட்டது. இந்த முறை பாடுவதற்கு 'லோன்லி' மாதிரி ஒன்று அவரிடம் இல்லை என்றே எனக்குத் தோன்றியது.

அந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளில் வெய்ன் வருகிறார். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு எதற்காகத் திட்டு வாங்கினாரோ, அதே கிட்டார் சத்தத்துக்கு நடுவே அவரை விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

'ரீபர்த்'தை ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் எமினெம்மோடு அவர் செய்த 'டிராப் த வேர்ல்ட்'டை மட்டுமாவது கேளுங்கள். சரணங்களில் அவர் ராப்தான் செய்கிறார். அந்தக் கோபம் யாரிடமிருந்தும் கடன் வாங்கியது இல்லை.