அந்த வழக்கில் ஜெயித்தது யார்?

காப்பீட்டு பாலிசி எடுப்பவர் எல்லாவற்றையும் தானாகச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை; அதற்கு ஆதாரமாகக் கட்டுரையாளர் 1766ஆம் ஆண்டின் கார்ட்டர் எதிர் போம் வழக்கைக் காட்டுகிறார். சரி, ஆனால் அதில் ஜெயித்தது கார்ட்டர்தானே, அதை ஏன் சொல்லவில்லை? சுமத்ராவில் மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் அவர், எதிரி பிடித்துக்கொண்டால் பணம் வர வேண்டும் என்று லண்டனில் காப்பீடு எடுக்க, 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தே விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று, காப்பீடு கொடுத்த லண்டன்காரர் போம் பணம் தராமல் கைவிரித்தார். நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு அதை ஏற்கவில்லை. பிரான்சுடன் போர் நடப்பது லண்டன்காரருக்கே தெரியும், சந்தேகம் இருந்தால் கேட்டிருக்கலாமே! நேர்மை இருதரப்புக்கும் பொது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அப்புறம், 2012இன் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் சாதாரண வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும்.