அழக்கூடாது என்றால் என்ன அர்த்தம்?

பைபிளில் வரும் தீர்க்கதரிசி எசேக்கியேல், இறக்கப்போகும் தன் மனைவிக்காக அழக்கூடாது என்று கடவுள் சொன்னதை, நான் படித்த ஒரு கட்டுரை 'துக்கத்துக்குத் தடை' என்று எடுத்துக்கொள்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பெயரிலுள்ள புத்தகத்தின் 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: காலையில் ஜனங்களோடு பேசுகிறார், சாயங்காலம் மனைவி இறக்கிறாள், மறுநாள் தலைப்பாகையைக் கட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார். சாவு வீட்டில் தலைப்பாகையைக் கழற்றி, வெறுங்காலோடு, வாயை மறைத்துக்கொள்வதுதான் அன்றைய வழக்கம். ஜனங்களும் உடனே 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்கிறார்கள். அவருடைய மனைவியை 'கண்ணுக்குப் பிரியமானவள்' என்ற அதே சொல்லால் எருசலேம் ஆலயத்தையும் குறிப்பிடுகிறது அந்த அதிகாரம். அதுவும் விழப்போகிறது, அப்போது சடங்கு செய்யக்கூட உங்களுக்குத் திராணி இருக்காது என்பதே தீர்ப்பு.

இன்னொரு தீர்க்கதரிசியான எரேமியாவின் புத்தகத்தில், 16ஆம் அதிகாரத்திலும் இதேதான்: துக்க வீட்டுக்குப் போகாதே என்கிறார் கடவுள். இறந்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்ளவோ தலையை மழிக்கவோ ஆள் இருக்காது, ஆறுதல் சொல்ல அப்பமும் பாத்திரமும் நீட்டுபவரும் இருக்க மாட்டார். இன்னொரு விஷயம், இப்படிக் கீறிக்கொள்வதை மோசேயின் சட்டப் புத்தகங்களில் ஒன்றான உபாகமம், 14ஆம் அதிகாரத்தில் தடை செய்கிறது. ஆனால் எரேமியா 41இல் சீகேம், சீலோ, சமாரியாவிலிருந்து வரும் 80 பேர் தாடியைச் சிரைத்து, உடம்பைக் கீறிக்கொண்டுதான் காணிக்கையோடு வருகிறார்கள்! சட்டம் ஒன்று, ஊர் வழக்கம் வேறு. கட்டுரையாளர் இந்த இடத்தைத் தொடவே இல்லையே?