பழுப்பு முட்டை கூண்டுக்கு வெளியே பிறந்ததா?

“பாடசாலை மதிய உணவுக்குப் பழுப்பு முட்டை மட்டும் வாங்கச் சொல்லுங்கள், அது கூண்டில் அடைபடாமல் மேய்ந்த கோழி இட்டது” என்றொரு செய்தி மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. இது தவறு.

ஓட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது கோழியின் இனம். அது வளரும் இடம் அல்ல. பண்ணைகளில் முட்டைக்காக வளர்க்கப்படும் ஹைலைன் பிரவுன் வகைக் கோழி கம்பிக் கூண்டுக்குள் நின்றாலும் பழுப்பு முட்டைதான் இடும். உடைத்துப் பாருங்கள், ஓட்டின் உட்புறம் வெளுத்திருக்கும். முட்டை வெளிவருவதற்குச் சில மணி நேரம் முன்பு மேலே படியும் நிறமிதான் அந்தப் பழுப்பு. வேடிக்கை என்னவென்றால், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வளவெல்லாம் கிளறித் திரியும் ஊர்க்கோழிகளின் முட்டைகள் பலவும் வெளிறியவை!

ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டையில் பதிக்கும் எண்ணின் முதல் இலக்கமே வளர்ப்பு முறையைச் சொல்லிவிடும்: 0 இயற்கைப் பண்ணை, 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு. பழைய வெறுங்கூண்டுகளுக்கு அங்கே 2012 முதல் தடை. கோழி ஒன்றுக்கு 750 சதுர சென்ரிமீற்றர் இடமும், முட்டையிட மறைவிடமும், அமரக் கம்பும் தரும் வசதியூட்டிய கூண்டுகளுக்கோ ஒன்றியச் சட்டம் இடம் கொடுக்கிறது.

கோழிகள் மீது அக்கறை உள்ளவர்கள் விலைமனு நிபந்தனையில் சேர்க்கக் கோர வேண்டியவை வளர்ப்பு முறையும் பண்ணையை நேரில் பார்க்கும் உரிமையும். நிறத்தை மட்டும் கேட்டால், வழங்குநர் கூண்டுப் பண்ணையிலிருந்தே பழுப்பு முட்டைகளை ஏற்றி அனுப்பிவிடுவார். அவர் மீது குற்றமும் சொல்ல முடியாது.