லைட் கோனி, பாணி கோனி

மணி ராத்திரி ஒன்றே கால். மொட்டை மாடியில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். தெருவில் ஒரு விளக்கு எரியவில்லை. ஆறு வயது மகள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் புரண்டுகொண்டிருக்கிறாள். துண்டு கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. அவள் அம்மா எழுந்து எழுந்து நனைத்துப் போர்த்துகிறாள். நனைக்கிற தண்ணீரும் சொம்பில் அளந்துதான். இது ஆறாவது ராத்திரி.

ஊர் பலோதி. ராஜஸ்தான், தார் பாலைவனம். 2016 மே 19 அன்று 51 டிகிரி அடித்து, இந்தியாவில் அதுவரை பதிவாகாத வெயில் என்று பேப்பரில் வந்ததே, அந்த ஊர். மே மாதம் பிறந்தால் போதும், டிவிக்காரர்கள் பாலைவன மணலில் அப்பளம் சுட்டுக் காட்டுவார்கள். மாமா போன் போட்டு, "என்ன மாப்ளே, உங்க ஊர்ப் பக்கம் டிவில வருதே, தாங்குதா?" என்பார். தாங்குகிறது மாமா. வெயில் தாங்குகிறது. ஆறு நாளாகக் கரண்ட் இல்லாமல் ஒரு தெருவே கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதை எந்த டிவியும் காட்டாது.

வெயிலைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் ராமநாதபுரத்துக்காரன். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று எந்த ஊரை மனதில் வைத்து அரசு ஊழியர்களை மிரட்டினார்களோ, அந்தச் சீமை. கண்மாய் வெடித்துக் கிடப்பதையும் அம்மா ஊருணிக்குக் குடம் தூக்கிப் போனதையும் பார்த்து வளர்ந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் வேலைக்காக இங்கே வந்தபோது மண் பழக எனக்கு ஒரு மாதம் கூட ஆகவில்லை.

வீட்டுக்காரம்மாவை எல்லோரும் மாஜிசா என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படித்தான். வந்த மறுநாள் காலையில் ஒரு கிண்ணத்தில் ராப்டி கொண்டுவந்து கொடுத்தார். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சியது. ஒரு வாய் குடித்ததும் என் மனைவி கண் கலங்கிவிட்டாள். அச்சு அசல் எங்கள் வீட்டுக் கம்மங்கூழ். முற்றத்துக்கு அடியில் அவர்களுக்குத் தாங்கா இருக்கிறது. சுண்ணாம்பு பூசிய தொட்டி. மாடியில் விழுகிற மழை ஒரு சொட்டு சிந்தாமல் அதற்குள் இறங்கும். அதன் மூடிக்குப் பூட்டு உண்டு. நகைப் பெட்டியைப் பூட்டாதவர்கள் கூட இங்கே தாங்காவைப் பூட்டுவார்கள். அந்தச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று முதல் வாரமே எங்களுக்குக் காட்டினார். இந்த ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை ஒருவருக்குக் கிடையாது.

குளிர்காலம் வந்தால் பக்கத்திலிருக்கும் கீச்சன் கிராமத்துக்குப் போவோம். குர்ஜா என்று இங்கே சொல்லும் கொக்கினம், மங்கோலியா, கஜகஸ்தான் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஊர் ஜனங்கள் தங்கள் காசில் தானியம் இறைக்கிறார்கள். வருஷம் தவறாமல், தலைமுறையாக. விடிகாலையில் அவை கூட்டமாகக் குரல் கொடுத்துக்கொண்டு இறங்குவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஜூலையில் முதல் மழை விழுந்ததும் மணலிலிருந்து எழும் வாசனைக்காகத் தெருவே வாசலில் வந்து நிற்கும். இங்கிருந்து மாற்றல் கேட்டு நான் ஒருநாளும் எழுதியதில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

நான் வேலை செய்வது ஒரு சூரிய மின் நிலையத்தில். பட்லா பக்கம். பட்லா சோலார் பார்க் என்றால் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. 2,245 மெகாவாட், சுமார் 14,000 ஏக்கர். கண்ணுக்கு எட்டிய வரை பேனல். இதே பலோதி மாவட்டம்தான். காலையில் வேனில் ஏறி அங்கே போய் நாட்டுக்கே கரண்ட் எடுத்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் இருட்டு வீட்டுக்கு வருகிறேன். மாஜிசா தினமும் கேட்கிறார்: "நீங்கள் அங்கே செய்கிற கரண்ட் எங்கே போகிறது பேட்டா?"

பதில் எனக்குத் தெரியும். பேனலிலிருந்து நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக்கும் இன்வர்ட்டர், அங்கிருந்து துணை மின் நிலையம், அழுத்தத்தை ஏற்றி ஏற்றி 765 கிலோவோல்ட் வரை கொண்டுபோய் தேசிய மின் தொகுப்பில் விடுகிறோம். பலோதிக்கு வருவது அந்தக் கம்பியிலிருந்து இல்லை, வேறு வழியில் சுற்றி, இறக்கி இறக்கி, கடைசியில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு. பொறியாளனாக இது சரியான பதில். இதை எண்பது வயது கிழவியிடம், வேர்த்து நனைந்த முந்தானையை முகத்தில் விசிறிக்கொண்டிருப்பவரிடம், நான் எந்த வாயால் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ராஜஸ்தானில் பேனல்கள் வந்த வேகத்துக்குக் கம்பிகள் வரவில்லை. அனுப்பப் பாதை இல்லாததால் உச்சி வெயிலில் "உற்பத்தியைக் குறை" என்று எங்களுக்கு உத்தரவு வரும். நான் என் கையாலேயே இன்வர்ட்டர்களை நிறுத்துகிறேன். வெயில் பேனல் மேல் சும்மா விழுந்துகொண்டிருக்கும். அதே மதியத்தில் வீட்டில் மகளுக்கு மின்விசிறி ஓடவில்லை என்று மனைவி போனில் அழுகிறாள். போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் நடந்தது. கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியே வந்து மணலில் நின்றேன். வயிறு எரிந்தது.

எங்கள் தெருவில் எரிந்தது ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். 100 கே.வி.ஏ. பெட்டி. அதை வைத்த காலத்தில் தெருவில் ஏ.சி. இரண்டோ மூன்றோதான். இப்போது வீட்டுக்கு வீடு கூலர், பாதி வீட்டில் ஏ.சி. உள்ளே இருக்கும் எண்ணெய் சூட்டை வெளிக்காற்றில் விட்டால்தான் அது பிழைக்கும். வெளிக்காற்றே கொதித்தால் எங்கே விடும்? ராத்திரியும் சூடு இறங்காத நாட்களில் அது ஓய்வே இல்லாமல் வெந்து சாகும். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். பிப்ரவரியிலேயே தெருக்காரர்கள் சேர்ந்து, பெரியது மாற்றித் தாருங்கள் என்று மின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். மே மாதத்தில் வெடித்தது. இப்போது போனால் "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்கிறார்கள். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே மேலே. இன்னும் எவ்வளவு மேலே?

கரண்ட் போனால் வெளிச்சம் மட்டும் போனதாக நினைக்காதீர்கள். எங்கள் குழாய்த் தண்ணீர் பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடுகிற ஹரிக்கேயிலிருந்து இந்திரா காந்தி கால்வாயில் பாலைவனம் தாண்டி வருகிறது. அதையும் மேட்டுக்கு மோட்டார் வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். கோடை தொடங்கியதும் பராமரிப்புக்காகக் கால்வாயை அடைப்பார்கள். இங்கே அதற்கு நஹர் பந்தி என்று பெயர். தேவையான வேலைதான், கரை உடைந்தால் எல்லோருக்கும் நஷ்டம். ஆனால் அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் தண்ணீர். அழுத்தம் இருக்காது, வீட்டு மோட்டார் போட்டு இழுத்தால்தான் தொட்டிக்கு ஏறும். அந்த ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால்? குழாயடியில் தட்டை வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்க வேண்டியதுதான். திங்கட்கிழமை தண்ணீர் வந்தது, எங்களுக்கு இரண்டு குடம். தண்ணீர் இல்லாத கூலர் வெறும் அனல் பெட்டி, கரண்ட் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. டேங்கர்காரர்கள் விலையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் வண்டிக்கு மட்டும் தண்ணீர் எங்கிருந்தோ கிடைக்கிறது.

யாரிடம் கேட்டாலும் இந்த வாரம் பலோதியில் இரண்டே பேச்சு. லைட் கோனி. பாணி கோனி. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. மார்வாரியில் நான் முதலில் கற்றுக்கொண்டதே இந்தக் 'கோனி'தான்.

என்னோடு வேலை பார்க்கும் வெளியூர்க்காரர் ஒருவர் சொன்னார், "பாலைவனத்தில் வந்து இருக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதானே." கையை ஓங்காமல் இருந்தது பெரிய காரியம். பாலைவனத்துக்கு என்ன தெரியாது? மழையே இல்லாத ஊரில் தாங்கா வெட்டி, நாடி என்கிற குளம் வெட்டி, கேஜ்ரி என்கிற வன்னி மரத்தைக் காப்பாற்றி நூற்றாண்டுகள் பிழைத்த ஜனங்கள் இவர்கள். ஜோத்பூர் பக்கத்தில் கேஜ்ரலி என்ற ஊரில் 1730-இல் அந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் செத்தார்கள். வெட்டவெளியைக் காட்டி, "இங்கே ஒன்றும் இல்லை, பேனல் போடலாம்" என்று எங்கள் வேலையிடத்து ஆட்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஒன்றுமில்லாத இடமா? ஆடு மேய்ந்த இடம், கேர் காய் பறித்த இடம். அதையும் கொடுத்துவிட்டு இந்த ஊர் கேட்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

நேற்று மாஜிசா தாங்காவின் பூட்டைத் திறந்து தெருவுக்கே தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு குடம், குழந்தை இருக்கும் வீட்டுக்கு இரண்டு. போன வருஷத்து மழை அது. அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கயிற்றை விட்டுப் பார்த்தேன், அடியில் முழங்கால் அளவுதான் மிச்சம்.

காலையில் பத்து மணிக்கு அந்த மின் அலுவலகத்துக்குப் போகிறோம், இந்த முறை தனியாக இல்லை. இருபத்திரண்டு வீடும் வருகிறது. நான் லீவு சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் கொடுத்த மனுவின் நகல் என் பையில் இருக்கிறது. புதுப் பெட்டி எப்போது வரும் என்று தேதி போட்டு எழுதித் தராமல் எழுந்திருக்க மாட்டோம். மாஜிசாவும் வருகிறார். ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று.