ஐயா வந்துகொண்டே இருக்கிறார்

"ஐயா கோர்ட்டிலிருந்து கிளம்பிட்டாரு, அஞ்சு நிமிஷம்." நேற்று நாலரை மணிக்குச் சொன்னார் வக்கீல் குமாஸ்தா. பெயர் எழுதிக்கொள்ள என் பேனாவை வாங்கிக்கொண்டார். ஐந்தரைக்கும் அதே அஞ்சு நிமிஷம். ஆறரைக்கும்.

பதினோரு வருஷம் உழைத்த கம்பெனி கணக்கை முடித்து அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது, கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வரவில்லை. கணக்கு என்ன கம்பசூத்திரமா? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600. அதை 26-ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்கி, 11 வருஷத்தால் பெருக்கினால் 99,000 ரூபாய். முப்பது நாளில் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்".

சரி, வக்கீலைப் பார்ப்போம் என்றால், வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர், வேலை பார்த்தது புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை. மஞ்சக்குப்பம் வக்கீல் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு "அது வேற கவர்மென்ட், அங்கேயே பாருங்க" என்றார். எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் சட்டமும் பாஸ்போர்ட் கேட்கும் போல.

அதனால்தான் நேற்று புதுச்சேரியில், ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில், பாகப்பிரிவினைக்காரர்கள் நடுவே மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு ஐயா வந்தார். அவருக்கு மட்டும் காபி வந்தது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, நான் அனுப்பிய கடிதங்கள் என்று ஒவ்வொரு தாளாக, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். இருபது நிமிஷம். "கேஸ் ஸ்ட்ராங்கா இருக்குங்க, விடாதீங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார், "ஆமா, எந்தக் கம்பெனி?"

முதல் தாளின் உச்சியில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே ஐயா! சொன்னேன்.

"அடடா. அவங்களுக்கு நான்தானே ஆஜராகிறேன்."

என் கையில் இருக்கிற சீட்டு அத்தனையையும் எதிராளியின் வக்கீலுக்கே விரித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். படியிறங்கும்போது ஜூனியர் பையன் பின்னாலேயே வந்து கிசுகிசுத்தான்: "கிராஜுவிட்டிக்கு வக்கீலே வேண்டாம்ண்ணா, தொழிலாளர் துறையில நீங்களே மனு போடலாம்." இதை அந்த நாலரை மணிக்குச் சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?

கடலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் நின்ற அம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அரியாங்குப்பம் வரும்போதுதான் சட்டைப் பையைத் தடவினேன். பேனா குமாஸ்தாவிடமே இருக்கிறது. பத்து வருஷம் முடித்ததற்குக் கம்பெனி கொடுத்த பேனா. அவர்களிடமிருந்து கைக்கு வந்தது அது ஒன்றுதான், அதுவும் போச்சு.