உப்புக்கறியில் எதற்கு கரம் மசாலா?

போர்டில் செட்டிநாடு, தரையில் ஆத்தங்குடிக் கல், வாசலில் தேக்குத் தூண், உள்ளே எல்லாத் தட்டிலும் ஒரே சிவப்பு கிரேவி. சென்னையில் இந்த ரகக் கடைகள் பெருகிவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒன்றில் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டோம். பெயர் வேண்டாம்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். மெனுவில் உப்புக்கறியைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்காமல் அதைச் சொல்லிவிட்டார். உப்புக்கறிக்குப் பெரிய சாமான் பட்டியலே கிடையாது. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய். தக்காளி சேர்ப்பவர்களும் உண்டு. சின்னத் தீயில் கறி வெந்து, தண்ணீர் சுண்டி, வெங்காயம் கரைந்து துண்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மிளகாயும் பூண்டும்தான் வாசனை. மசாலாப் பொடிக்கு அங்கே வேலையே இல்லை.

வந்தது என்ன? குட்டிப் பித்தளை உருளியில் தளதளவென்று சிவப்புக் குழம்பு. மேலே பொரித்த கறிவேப்பிலை. வாயில் வைத்தால் பட்டை, கிராம்பு, கரம் மசாலா. கறியைக் கையால் பிட்டால் உள்ளே வெளுத்துக் கிடக்கிறது, ஒரு பொட்டு உப்புகூட ஏறவில்லை. தனியாக வேகவைத்து எடுத்து வைத்திருந்து, ஆர்டர் வந்ததும் கிரேவியில் புரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து வந்த மிளகுக் கோழி? அதே கிரேவி, மேலே மிளகுத் தூள். நண்டு மசாலா? அதே கிரேவி, உள்ளே நண்டு. “எல்லாம் ஒரே சட்டிப்பா” என்றார் அப்பா. அதற்கப்புறம் அவர் தயிர்சாதம்தான் சாப்பிட்டார்.

காலையிலேயே வெங்காயம் தக்காளி கிரேவியை அண்டாவில் காய்ச்சி வைத்துக்கொள்வது பெரிய கடைகளுக்கு வசதி. ஞாயிறு மதியக் கூட்டத்தைச் சமாளிக்க வேண்டும், புரிகிறது. அப்படியென்றால் மெனுவில் நாற்பது பெயர் எதற்கு? பத்து பதார்த்தம் வையுங்கள், அந்தப் பத்தை ஒழுங்காகச் செய்யுங்கள். காரைக்குடிப் பக்கம் மெஸ்களில் இன்றைக்கும் அப்படித்தான், தீர்ந்துபோனால் “இல்லை” என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு கொடுமை, காரம்தான் செட்டிநாடு என்ற நினைப்பு. கல்பாசியும் மராத்தி மொக்கும் அளவாகப் போட்டு, சோம்பை வறுத்து அரைத்தால் வரும் மணம் வேறு. அரிசி கழுவிய தண்ணீரில் செய்கிற வெண்டைக்காய் மண்டியில் அப்படி என்ன காரம் இருக்கிறது? பர்மாவுக்கு வட்டித்தொழிலுக்குப் போன நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கவுனி அரிசியில் செய்வது இனிப்பு. இது எதுவும் அந்த மெனுவில் இல்லை. கோபி மஞ்சூரியன் இருந்தது.

பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மேனேஜரிடம் சொன்னேன். “சரி சார்” என்று உடனே எடுத்துவிட்டார், ஒரு வார்த்தை வாதம் இல்லை. கேட்பவர்களுக்கு மட்டும் எடுப்பது அங்கே வழக்கம் போலிருக்கிறது. பரிமாறிய தம்பிக்குக் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு வந்தோம், அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

சென்னையில் உப்புக்கறியை உப்புக்கறியாகவே செய்கிற மெஸ் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஏசி வேண்டாம், தூணும் வேண்டாம். அப்பாவைக் கூட்டிப்போக வேண்டும்.