41ஆம் பக்கத்து வக்காலத்து

எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒருவன் நாவல் எழுதியிருக்கிறான். ஒரு கொலை வழக்கு, ஒரு வக்கீல், அவரோடு 18 வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு நண்பன். "அண்ணே, முதல்ல நீங்க படிங்க" என்று ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுத்தான். இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். வக்கீல் குமாஸ்தாவாக 31 வருஷம் கோர்ட் வராண்டாவில் நின்றவன் நான். இந்த நாவலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் கதையை இங்கே எழுதுகிறேன்.

பையன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்திருக்கிறான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'எனக்காக இந்த வக்கீல் ஆஜராவார்' என்று வழக்கோடு வருகிற கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுத் தருகிற தாள்தான் வக்காலத்து. அதில் வக்கீல்கள் நல நிதிக்கான வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டாமல் மனு ரிட்டர்ன் ஆகிற காலைப் பதற்றத்தை எழுதியிருக்கிறான். ஜாமீன்தாரர் கொண்டுவந்த வீட்டுவரி ரசீதில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே வரவேண்டியவன் திங்கட்கிழமை வரை உள்ளே கிடக்கிறான். அந்த இரண்டு நாளை அவன் அம்மா கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் கழிக்கும் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். ஒத்தக்கடையில் இறங்கி ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போகும்போது யானைமலை தெரிவதையும் விடவில்லை. 2004 ஜூலை 24ஆம் தேதி அந்தக் கிளை திறப்பதற்கு முன்னால், ஒரு முன்ஜாமீன் மனுவுக்காக நான் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலில் சென்னை போயிருக்கிறேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அலைச்சல் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கடைசி முப்பது பக்கம்தான் எனக்கு ஒப்பவில்லை. வக்கீல் கோர்ட் நடுவில் நின்று நட்பைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறார், நீதிபதி சுத்தியலைத் தட்டுகிறார். எந்தக் கோர்ட்டிலும் நான் சுத்தியலைப் பார்த்ததில்லை. ஜூரியும் இங்கே கிடையாது. 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அதன் கடைசித் தடமும் போய்விட்டது. ஒரு நீதிபதி உட்கார்ந்திருப்பார், சாட்சி சொல்வதை அவர் சொல்லச் சொல்ல ஒருவர் டைப் அடிப்பார், அடுத்த கேஸைக் கூப்பிடுவார்கள். உருகுவதற்கு அங்கே ஆள் இல்லை. ஆனால் என் குறை அதுகூட இல்லை. உருக வேண்டிய இடம் 41ஆம் பக்கத்திலேயே வந்துவிட்டது, அதை இவன் நாலே வரியில் தாண்டிவிட்டான்.

கதை இதுதான். மேலூர்ப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர். இருபது வயசில் ஒரு ராத்திரி வைகை மணலில் படுத்துக்கொண்டு ஒருவன் தன் பங்காளியைப் பற்றிச் சொல்கிறான்: "ஒருநாள் அவன முடிச்சிருவேன்டா மாப்ள." கேட்டவன் பின்னால் வக்கீலாகிறான். இரண்டு பேருக்கும் ஒரு நிலத்தில் தகராறு, பேச்சு நின்றுபோகிறது. 18 வருஷம் கழித்து அந்தப் பங்காளி கிணற்றில் பிணமாகக் கிடக்கிறான். அன்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு நண்பன் ஆபீஸுக்கு வந்து வக்காலத்துத் தாளை மேஜையில் வைக்கிறான். "நான் போட்டுட்டேன் மாப்ள. நீயும் கையெழுத்துப் போடு." வக்கீலும் போட்டுவிடுகிறார். பாசத்தில் வரவில்லை, வக்கீல் வாயைக் கட்டத்தான் வந்தான் என்பது கடைசியில் வருகிற திருப்பம்.

நல்ல திருப்பம்தான். ஆனால் அந்த வக்காலத்து வாயைக் கட்டாது.

கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 132ஆம் பிரிவு. வக்கீல் என்ற முறையில், அந்த வேலைக்காகச் சொன்னதற்குத்தான் அந்தக் காவல். கணவன் மனைவிக்குள் பேசியதற்கும் ஒரு காவல் உண்டு, முன்பு 122, இப்போது 128. நண்பனிடம் சொன்னதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் கிடையாது. அதே வார்த்தையை அவன் இன்றைக்கு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வழக்குக்காகச் சொன்னால் அந்தச் சொல்லுக்குக் காவல் வந்துவிடும். ஆற்று மணலில் சொன்னது அன்றைக்குப் போலவே திறந்துதான் கிடக்கும். கோர்ட் சம்மன் அனுப்பிக் கேட்டால், 'நண்பன் சொன்னது, சொல்ல மாட்டேன்' என்று கூண்டில் நின்று மறுக்க முடியாது. அதற்கு மேல், தானே சாட்சியாகக்கூடும் என்று தெரிந்த வழக்கை வக்கீல் எடுக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதியும் இருக்கிறது.

அந்த ராத்திரி ஒன்பதரை மணிக்கு இது வக்கீலுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. இதை விடப் பெரிய திரில்லர் எங்கே இருக்கிறது? எனக்கு அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவே மனசில்லை. இவன் அடுத்த வரியிலேயே முன்ஜாமீன் மனுவுக்குப் போய்விடுகிறான்.

இவ்வளவு வேகமாக நான் பேசுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் கிரேடு படித்த காலத்திலிருந்து எனக்கு ஒரு நண்பர். வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து ஒருநாள் தன் வீட்டுப் பத்திரம் ஒன்றைப் பற்றி என்னிடம் சொன்னார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். சில வருஷம் கழித்து அவர் குடும்பத்துப் பாகப்பிரிவினைத் தாவா வந்தது, நாங்கள் எதிர்த்தரப்பு. "அந்தக் குடும்பம் உனக்குப் பழக்கமாச்சே, எதுவும் தெரியுமா?" என்று எங்கள் சீனியர் கேட்டார். "வழக்கைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார்" என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அந்தப் பொய்க்காக நான் வருத்தப்பட்டதில்லை.

குறுக்கு விசாரணையில் சீனியர் கேட்ட மூன்றாவது கேள்வி நேராக அந்தப் பத்திரத்துக்கே போனது.

படிக்கட்டில் நண்பர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். "உன்கிட்ட மட்டுந்தானப்பா சொன்னேன்." அவ்வளவுதான் சொன்னார். 16 வருஷமாகிறது. சீனியருக்கு அது எப்படித் தெரிந்தது என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அந்தப் படிக்கட்டிலேயே என் மேல் இருந்த பழி போயிருக்கும். ஆனால் அது எங்கள் கட்சிக்காரருடைய கேஸ் கட்டுக்குள் இருக்கிற விஷயம். வக்கீலைக் கட்டுகிற சட்டம் குமாஸ்தாவையும் சேர்த்தே கட்டுகிறது, வழக்கு முடிந்த பிறகும் விடாது. அவருடைய ரகசியத்தைக் காப்பாற்றச் சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாகக் காப்பாற்றினேன். காப்பாற்றினேன் என்று அவரிடம் நிரூபிக்கத்தான் சட்டம் இடம் தரவில்லை. நகல் பிரிவு வரிசையில் இப்போதும் எப்போதாவது எனக்கு முன்னால் நிற்பார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

ஜூனியரிடம் இதையெல்லாம் சொன்னேன், பத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்ப வக்கீல் வக்காலத்துல கையெழுத்துப் போடக் கூடாதாண்ணே?"

"கூடாது."

"ஏன் போடலைன்னு நண்பன் கேப்பானே?"

"கேப்பான். 'நான் சாட்சியா வரவேண்டியிருக்கும்'னு சொன்னா அவனுக்கு என்ன கேக்கும்?"

பதில் சொல்லவில்லை. பிரதியை வாங்கி 41ஆம் பக்கத்தைப் பிரித்து, ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுத ஆரம்பித்தான். நான் கட்டுகளை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினேன், பத்தேகால் ஆகிவிட்டது.